ஆர். கோவிந்த்ஜி யார்?

ஒளிச்சேர்க்கை பற்றிய பழைய கட்டுரைகளைப் புரட்டுபவர்கள் கோவிந்த்ஜியைத் தாண்டிப் போக முடியாது. அலகாபாத்தில் படித்து, அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முன்னெழுத்து, குடும்பப் பெயர் எதுவும் சேர்க்காமல் எழுதுபவர். அப்படியிருக்க, மேற்கோள் பட்டியல் ஒன்றில் கண்ட ‘ஆர். கோவிந்த்ஜி, 1960’ இடித்தது. அச்சுப்பிழையா, இன்னொருவரா?

அந்த ஆண்டின் ‘சயின்ஸ்’ இதழை எடுத்தேன். கட்டுரையின் பின்னணி ராபர்ட் எமர்சனின் 1957ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு: தொலைசிவப்பு ஒளியோடு குறைந்த அலைநீள ஒளியையும் சேர்த்துப் பாய்ச்சினால், தனித்தனியே கிடைக்கும் ஆக்சிஜனின் கூட்டுத்தொகையைவிட அதிகம் வருகிறது. இது ஒளிச்சேர்க்கையின் வேலையா, ஒளி பட்டுச் சுவாசம் குறைவதன் விளைவா என்ற ஐயம் இருந்தது. 1959 பிப்ரவரியில் எமர்சன் நியூயார்க் விமான விபத்தில் இறந்துபோனார். ஐயத்தைத் தீர்த்தது இந்தக் கட்டுரை. குளோரெல்லா பாசியில் குயினோனைச் சேர்த்தால் சுவாசம் முடங்கிவிடும். அப்போதும் அதே விளைவு தெரிந்தது.

ஆளை அடையாளம் காட்டியது 1968இல் வந்த இன்னொரு கட்டுரை. அதன் ஆசிரியர் வரிசையில் முதலில் ஆர். கோவிந்த்ஜி, நடுவில் யூஜீன் ராபினோவிச், கடைசியில் முன்னெழுத்தில்லாத கோவிந்த்ஜி. ஆக, இரண்டு பேர். ‘ஆர்.’ என்பவர் ரஜ்னி. அவரும் எமர்சனின் மாணவர், 1957இல் கோவிந்த்ஜியை மணந்தவர். அந்தக் கட்டுரை ஒரு பழைய விவாதத்தைப் பற்றியது. ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் வெளிவர நான்கு ஒளித்துகள் போதும் என்று உயிர்வேதியியலாளர் வார்பர்க் சாதித்துவந்தார். குறைந்தது எட்டு வேண்டும் என்றார் எமர்சன். 1968ஆம் ஆண்டு அளவீடுகள் எமர்சன் பக்கமே நின்றன.

இதற்குப் பிறகு தடம் பச்சையத்தை விட்டு விலகுகிறது. 1980இல் ‘பயோஃபிசிக்கல் ஜர்னல்’ இதழில், எப்ரி, கிராஃப்ட்ஸ் ஆகியோருடன் ரஜ்னி எழுதியது உப்புநீர் நுண்ணுயிரான ஹாலோபாக்டீரியத்தின் ஊதாச் சவ்வைப் பற்றி. அதிலுள்ள பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதம், ஒளியைக் கொண்டு புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. பச்சையமும் இல்லை, ஆக்சிஜனும் வருவதில்லை. துறையே மாறிவிட்டார் என்றுதான் தோன்றும்.

ஆனால் பாக்டீரியோரோடாப்சின் பற்றி ரஜ்னி எழுதிய 1990ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவைப் பாருங்கள்: உட்கவர்ந்த நூறு ஒளித்துகளில் ஏறக்குறைய 64 அந்தப் புரதத்தின் சுழற்சியைத் தொடங்கிவைக்கின்றன. அதுவரை பலர் 0.3 என்று சொல்லிவந்த எண் 0.64 ஆனது. பாசியானாலும் சவ்வானாலும், விழுந்த ஒளிக்கு எவ்வளவு வேலை நடந்தது என்ற கணக்கைத்தான் ரஜ்னி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிய பட்டியல்களில் இந்தத் தொடர்ச்சி தெரியாது. ஒரே ஆளின் கட்டுரைகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் படித்தால்தான் தெரியும்.