இரும்புக்கை மாயாவிக்குப் பேர் வச்சது யாரு?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். லோகேஷ் கனகராஜ் ரொம்ப வருஷமா பேட்டிகள்ல சொல்லிக்கிட்டிருக்கிற 'இரும்புக்கை மாயாவி' யாரு? நம்ம ஊர் கதையா, வெளியூர் கதையா?

இதையே எங்க சித்தப்பாகிட்ட கேட்டேன். மனுஷனுக்கு அறுபது வயசு ஆகப்போகுது. "இதென்னடா கேள்வி, மாயாவி நம்ம ஆளுடா"ன்னாரு. சின்ன வயசுல மாயாவி மாதிரி மறையணும்னு பிளக் பாயிண்ட்ல கம்பியை விடப் போயி, பாட்டிகிட்ட முதுகுல வாங்கினவர் அவர். அதனால அவர் பதிலை அப்படியே எடுத்துக்க முடியாது. ஆனா முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. ஏன்னு பார்ப்போம்.

முதல்ல லண்டன். 1962 அக்டோபர்ல ஃப்ளீட்வே நிறுவனம் 'வேலியன்ட்'னு ஒரு வாரப் பத்திரிகையை ஆரம்பிக்குது. பள்ளிக்கூடப் பசங்களுக்கானது. அதுல 'தி ஸ்டீல் க்ளா'ன்னு ஒரு தொடர். நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஒரு ஆய்வுக்கூட உதவியாளர். விபத்துல வலது கையை இழந்தவர், இரும்புல செஞ்ச கையை மாட்டியிருக்கார். இன்னொரு விபத்துல உடம்புல மின்சாரம் பாயுது. ஆள் மொத்தமா மறைஞ்சுடறார், இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியுது. ஒவ்வொரு தடவை மறையவும் ஷாக் வாங்கியே ஆகணும். ஆரம்பத்துல இவர் ஹீரோவே இல்லை, அந்த சக்தியை வச்சு திருடக் கிளம்பினவர். ரகசிய ஏஜென்ட் ஆகி நல்லவரானது பின்னாடிதான்.

கதையை ஆரம்பிச்சு வச்சவர் கென் புல்மர், அறிவியல் புனைகதை எழுத்தாளர். அவருக்கப்புறம் டாம் டல்லி எழுதினார். வரைஞ்சவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்ல பார்சிலோனாக்காரர். கறுப்பு வெள்ளைல அவர் போடுற நிழல்தான் அந்தக் கதைக்கே உயிர். ஆனா பத்திரிகையை வாங்கின ஆங்கிலேயப் பசங்களுக்கு இந்தப் பேர் எதுவும் தெரியாது. எழுதினவர், வரைஞ்சவர் பேரைப் போடுற பழக்கம் அப்போ ஃப்ளீட்வேல கிடையாது. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

இப்போ சிவகாசி. பட்டாசு, தீப்பெட்டிக்கு லேபிள் அடிச்சு, அப்புறம் காலண்டர், டைரின்னு வளர்ந்த ஊர். அச்சகமும் அச்சுத் தொழில் தெரிஞ்ச ஆட்களும் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கேதான் எம்.சௌந்தரபாண்டியன் 1972-ல 'முத்து காமிக்ஸ்' ஆரம்பிக்கிறார். ஆசிரியர் பொறுப்புல முல்லை தங்கராசன். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'.

அந்தப் பேரைக் கொஞ்சம் பாருங்க. ஸ்டீல் க்ளாவை வார்த்தைக்கு வார்த்தை மாத்தியிருந்தா 'எஃகு நகம்' மாதிரி ஏதாவது வந்திருக்கும். கடையில யாரும் சீண்டியிருக்க மாட்டாங்க. ஆங்கிலத் தலைப்புல கை மட்டும்தான் இருக்கு, மறையுற விஷயமே இல்லை. தமிழ்ப் பேர்ல ரெண்டும் இருக்கு. தெரியுறது இரும்புக் கை, தெரியாதது மாயாவி. மொத்தக் கதையும் ரெண்டு வார்த்தையில அடங்கிடுது. அதுக்கு மேல, மாயாவிங்கிறது நமக்குப் புதுசே இல்லை. ராமாயணத்துல வாலியோட குகைக்குள்ள சண்டை போட்ட அசுரன் பேர் மாயாவி. 'பாதாள பைரவி', விட்டலாச்சார்யா படம்னு மந்திரம் தந்திரம் பார்த்து வளர்ந்த ஊர் இது. லண்டன் ஆய்வுக்கூடத்துல இருந்து வந்தவர், அந்த ஒரு சொல்லால நம்ம பாட்டி கதைக்குள்ள நுழைஞ்சுட்டார். சித்தப்பா "நம்ம ஆளு"ன்னு சொன்னதுக்கு இதுதான் காரணம்.

1984-ல இன்னொரு அலை. சௌந்தரபாண்டியனோட மகன் எஸ்.விஜயன், பதின்வயசுலயே 'லயன் காமிக்ஸ்' தொடங்கறார். அதே வருஷம் தினத்தந்தி குழுமத்துல இருந்து 'ராணி காமிக்ஸ்', ஜேம்ஸ் பாண்டோட வருது. பேர் வைக்கிற வேலை இப்போ இன்னும் சூடு பிடிக்குது. பிரெஞ்சுல 'லெஃப்டினன்ட் ப்ளூபெர்ரி'ன்னு ஒரு கௌபாய். நம்ம ஊர்ல யாராவது தன்னை நீலப் பழம்னு சொல்லிக்கிட்டா சண்டைக்கு யார் பயப்படுவா? அவர் இங்கே 'கேப்டன் டைகர்'. 'ரிக் ஓஷே'ங்கிற துப்பறியும் நிருபர் 'ரிப்போர்ட்டர் ஜானி'. ஆங்கிலத்துல 'தி ஸ்பைடர்'னு ஒரு கூர் காது வில்லன்-ஹீரோ. சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல்தான் 1966-ல இருந்து அந்தக் கதையை எழுதினார். லயன்ல அவரைப் படிச்ச பசங்களுக்கு அவர் வெறும் 'கூர்மண்டையன்'. கூட வந்த ரோபோ ஆர்ச்சி 'சட்டித்தலையன்'.

சில சமயம் பேர் முட்டிக்கவும் செஞ்சுது. முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு வேதாளரா தெரிஞ்ச ஃபேன்டம், ராணி காமிக்ஸ்ல 'முகமூடி வீரர் மாயாவி'. ஆக ஒரே பெட்டிக்கடையில ரெண்டு மாயாவி. நம்ம பாஷைல சொன்னா நேம்ஸ்பேஸ் கொலிஷன். "எந்த மாயாவி, இரும்புக்கையா முகமூடியா?"ன்னு கேட்டுத்தான் இரவல் வாங்கணும்னு சித்தப்பா சொல்வார்.

பேரோட வேலை முடியலை, பேச்சும் இருக்கு. இங்கிலீஷ் வசனத்துக்குன்னு வரைஞ்ச பலூன்ல தமிழை அடைக்கணும். நம்ம வார்த்தைகள் நீளம், பலூன் சின்னது. அதனால வசனத்தைச் சுருக்கி இறுக்கி எழுத வேண்டியிருந்துது. அதுவும் பேச்சுத் தமிழ் இல்லை, சுத்தமான எழுத்துத் தமிழ். பாலைவனத்துல துப்பாக்கியைத் தூக்கின ஒரு கௌபாய், பாடப்புத்தகத் தமிழ்ல எச்சரிக்கை விடுவான். யாருமே வாழ்க்கையில பேசாத அந்தத் தமிழ், படிச்ச பசங்களுக்கு கௌபாயோட தாய்மொழி ஆயிடுச்சு.

இது சினிமாவுக்கும் போச்சு. கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடிச்ச 'கங்கா' மாதிரி கௌபாய் படங்கள் வந்ததும் முத்து காமிக்ஸ் பிறந்த அதே 1972-லதான். காமிக்ஸையும் அந்தப் படங்களையும் ஒண்ணாக் கரைச்சுக் குடிச்சவர் சிம்புதேவன். ஆனந்த விகடன்ல கார்ட்டூனிஸ்ட்டா இருந்தவர். 2010-ல அவர் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்துல ஊர் பேரே ஜெய்சங்கர்புரம். தலைப்பைத் திரும்பச் சொல்லிப் பாருங்க. ஒரு பழைய காமிக்ஸ் அட்டையில இருந்தா யாராவது சந்தேகப்படுவாங்களா? ராணி காமிக்ஸ் 2005-லயே நின்னுபோச்சு. லயன்-முத்து நடுவுல தடுமாறி, 2012 ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில திரும்பி வந்தாங்க. இன்னைக்கு வழவழ தாள், கலர்னு வந்துக்கிட்டிருக்கு.

இப்போ நான் நினைவுல வைக்கச் சொன்ன விஷயம். இங்கிலாந்துல 'ஸ்டீல் க்ளா' மறுபடி புத்தகமா வந்திருக்கு, இந்தத் தடவை புல்மர், பிளாஸ்கோ பேரோட. ஓடிப்போய் சித்தப்பாகிட்ட சொன்னேன். "உங்க மாயாவியை வரைஞ்சவர் பேர் தெரியுமா? பிளாஸ்கோ." ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டார். அப்புறம் உள்ளே போயி, பாட்டி பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டதுல தப்பிச்ச ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வந்தார். அட்டை போயிடுச்சு, ஓரமெல்லாம் பொடியா உதிருது.

"சரி, இதைத் தமிழ்ல எழுதினது யாரு?"ன்னாரு.

மிஞ்சியிருந்த பக்கங்களை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் புரட்டினேன். வசனம் எழுதினவர் பேரோ, பலூன்ல அழகா எழுத்தைப் பொறிச்சவர் பேரோ அதுல இல்லை. ஆபீஸ்ல நான் ஒரு வரி கோடு மாத்தினாலே கிட்-ல என் பேர் பத்து வருஷத்துக்கு நிக்கும். சித்தப்பாவோட மொத்தச் சின்ன வயசையும் எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு வரி இல்லை.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். அந்தக் காலத்துல சிவகாசியில இந்த வேலை பார்த்த யாராவது உங்க வீட்டுல, தெருவுல இருந்தா போய்ப் பேசுங்க. ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. வீட்டுல பழைய புத்தகம் இருந்தா எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க. லோகேஷ் படம் எப்போ வந்தாலும் சரி, டைட்டில் கார்டுல வரப்போற அந்த ரெண்டு வார்த்தையை ஏற்கெனவே எழுதின ஒருத்தர் இருந்திருக்கார். அவரைப் பத்தித் தெரிஞ்சா, இதே இடத்துல அவர் பேரைச் சொல்றேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.