அப்பத்தாவின் துட்டு

பணம் என்று அப்பத்தா சொல்லி நான் கேட்டதில்லை. துட்டுதான். மேலூர்ப் பக்கமிருந்து கீரைக்கட்டுகளோடு மதுரைக்கு வந்து விற்றுவிட்டு, சாயங்காலம் திண்ணையில் கால் நீட்டி, சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணுவாள். அதன் அடியில் செல்லாத செப்புக் காசுகள் மூன்று கிடந்தன. மாமியார் கொடுத்தவையாம். அவள் போனபின் நிலம் ஆண்மக்களுக்குப் பிரிந்தது. பை எனக்கு வந்தது.

துட்டு, டச்சுக்காரர்களின் சிறு செப்புக் காசின் பெயர். 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது அவர்களுடைய கம்பெனி. 1825இல் தூத்துக்குடியும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. சொல் மட்டும் கீரைக்காரி வாயில் தங்கிவிட்டது.

முதல் காசில் கம்பெனியின் பின்னிய மூன்றெழுத்து. இரண்டாவது நாகப்பட்டினத்தில் அவர்கள் அடித்தது: ஒருபுறம் ஊர்ப்பெயர் தமிழில், மறுபுறம் காளி. கிறிஸ்தவ வணிகர்களுக்குக் காளியிடம் என்ன பக்தி? சந்தையில் காசு செல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. நாயக்கர் காசாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, அதில் மங்கம்மாள் பெயரைத் தேடியிருக்கிறேன்.

1689 முதல் 1706 வரை மதுரைச் சீமையை ஆண்டவர் அவர். மகன் இறந்துவிட, கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பெயரளவில் முடி, வேலையெல்லாம் இவருக்கு. முகலாயருக்குக் கப்பம் கட்டிச் சமாளித்தார், திருவிதாங்கூர்மேல் படை அனுப்பினார், சாலையும் சத்திரமும் அமைத்தார். ஊரில் சொல்லும் கதையோ வேறு: மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம், அந்தப் பாவம் தீரத்தான் இத்தனை தர்மமாம்! நிர்வாகம் தெரிந்த ஒருத்தியைப் பிராயச்சித்தம் செய்த விதவையாக்கிவிட்டார்கள். எனக்கு இந்தக் கதைமேல் தீராத கோபம் உண்டு.

அதே நூற்றாண்டில், ஆறு வயதில் பட்டத்துக்கு வந்த சுவீடன் ராணி கிறிஸ்டினா 1644இல் செப்புத் தகட்டுக் காசு வெளியிட்டார். பத்து டாலர் தகடு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. அதன் மூலைகளில் அவர் பெயரே முத்திரையாக இருக்கிறது. அரசனின் மகள் என்பதால் அரியணை அவருடையது; மங்கம்மாள் அரசனின் மனைவி, அடுத்தவனின் தாய், அதற்கடுத்தவனின் பாட்டி.

அரண்மனைக்கு வெளியே பார்த்தால் இங்கிலாந்து இன்னும் சுவாரசியம். அங்கே சில்லறைத் தட்டுப்பாட்டில், 1648க்குப் பிறகு கடைக்காரர்கள் தாங்களே செப்பு, பித்தளை வில்லைகள் அடித்துக்கொண்டார்கள். பலவற்றில் மூன்று எழுத்து: மேலே குடும்பப் பெயருக்கு ஒன்று, கீழே கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. விதவைகள் தங்கள் பெயரிலேயே அடித்ததும் உண்டு. 1672இல் அரசரின் செப்புக் காசு வந்தது, வில்லைகளுக்குத் தடை. புதுக் காசின் ஒருபக்கம் அரசர் தலை, மறுபக்கம் பிரிட்டானியா என்ற கற்பனைப் பெண். நம் காளியைப் போலத்தான்.

அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எண்ணும்போது அந்த மூன்றையும் கண் பாராமல், விரலாலேயே ஒதுக்கிவிடுவாள். மூன்றாவது காசு வழவழவென்று ஆனதில் அவள் கட்டைவிரலுக்கும் பங்கிருக்கும்.