களிமண்ணும் சான்றும்: விருத்தாசலம் வகுப்பறையில் பிரித்தானிய வரலாறு

வரலாற்று வகுப்பைச் சுவையாக்க வேண்டும் என்றதும் நம் பள்ளிகள் வேடத்தையும் வினாடிவினாவையும் நாடுகின்றன. ஒரு மாணவர் ராபர்ட் கிளைவாகத் தொப்பி அணிகிறார், இன்னொருவர் ஐதர் அலியாக வாளெடுக்கிறார். கைதட்டல் ஓய்ந்ததும் பாடநூலின் பழைய பத்தியே மனப்பாடமாகிறது. மாணவர் கையில் ஒரு சான்றைக் கொடுத்து, அதைக் கொண்டு அவரையே ஒரு முடிவுக்கு வரச் செய்யாத செயல்பாடு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் வரலாற்றுக் கல்வி ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1972இல் இங்கிலாந்தில் தொடங்கிய பள்ளிகள் மன்ற வரலாற்றுத் திட்டமும் இதையொட்டிய நிலைப்பாட்டையே எடுத்தது. 13 முதல் 16 வயதுவரையுள்ள மாணவர்கள் மூலச்சான்றுகளை எடைபோடப் பழக வேண்டும் என்றது. ஆனால் அதை அப்படியே இங்கே இறக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்குள்ள பிள்ளைக்கு அது சொந்த நாட்டின் கதை, நம் பிள்ளைக்கோ தம்மை ஆண்டவர்களின் கதை. எனவே சான்றுகளை நம் ஊரிலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கு விருத்தாசலம் வாய்ப்பான இடம்.

1751ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கர்நாடகப் போர்க் காலத்தில் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. அவ்வாண்டு கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிலிருந்து படைத்துணையுடன் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிகட்டும் கிளைவும் இங்கு வந்தார்கள். சிறு காவலோடு திரும்பும் வழியில் பாளையக்காரர் படை தாக்க, குதிரை வேகத்தால் உயிர் தப்பினார்கள். ஆற்காட்டு முற்றுகை அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் நடந்தது. நிகழ்ச்சியைப் பதிவு செய்த ராபர்ட் ஓர்ம் கம்பெனி ஊழியர், கிளைவின் நண்பர். தாக்கியவர்கள் தரப்புப் பதிவு வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. இங்கே பாளையக்காரரின் வசனத்தைக் கற்பனையாக எழுதச் சொல்வது பலருக்கும் பிடித்த பயிற்சி. நான் அதை ஏற்கமாட்டேன், ஏனெனில் அது இல்லாத சான்றை இருப்பதாகக் காட்டிவிடும். ஓர்மிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குழுவாக எழுதச் சொல்லலாம். யார் சொல்லி அவர் அறிந்தார்? எதைச் சொல்லாமல் விட்டார்? தாக்குதலுக்கு அவர் தரும் காரணம் போதுமா?

கடலூரில் இன்னொரு நல்ல கதை உண்டு. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை (முன்னர் சொன்ன புனித டேவிட் கோட்டையை) வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரையுள்ள நிலமும் விற்பனையில் சேர்ந்தது. குண்டை எவ்வளவு தொலைவு செலுத்துவது என்பது பீரங்கிக்காரரின் சாமர்த்தியம் என்ற பொருளில் சென்னையிலிருந்து அறிவுரையும் போயிற்று. கடலூர் வரைபடத்தில் கோட்டையை மையமாக வைத்து மாணவர் வெவ்வேறு ஆரங்களில் வட்டம் வரையட்டும். ஆரம் சற்றே கூடினால் எத்தனை ஊர்கள் உள்ளே வருகின்றன என்று பார்க்கட்டும். அந்த ஊர்களின் உழவர்களிடம் யாராவது ஒப்புதல் கேட்டார்களா என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்பவே வேண்டாம். எட்டாம் வகுப்பில் படிக்கும் வணிகத்திலிருந்து ஆட்சிக்கு என்ற மாற்றம் ஒரு காம்பஸ் முனையில் தெரிந்துவிடும்.

ஆனால் இந்த ஊர் தரக்கூடிய மிகப் பெரிய வளம் களிமண்தான். செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பாலிடெக்னிக்கும் இங்கே உள்ளன. பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றிப் பொம்மை வார்ப்பதைப் பார்க்காத பிள்ளைகள் இங்கே குறைவு. இதே அச்சுமுறை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் பரவியது. ஒன்பதாம் வகுப்பின் தொழிற்புரட்சிப் பாடத்தைப் பஞ்சாலையிலும் நீராவியிலும் தொடங்குவதே வழக்கம். விருத்தாசலத்தில் அதைச் சூளையிலிருந்து தொடங்கலாம்.

அங்கே மட்பாண்டத் தொழில் நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட் 1769இல் எட்ரூரியா ஆலையைத் திறந்தார். ஒரே குயவர் முழுப் பாத்திரத்தையும் செய்த வேலையைப் பல கைகளுக்குப் பிரித்தார், மணியடித்து வேலைநேரம் வகுத்தார். பொருள்கள் உடையாமல் போய்ச்சேர டிரென்ட்-மெர்சி கால்வாய் வெட்டுவதிலும் முன்னின்றார். வகுப்பில் ஒரு குழு ஒவ்வொரு அகல் விளக்கையும் ஒருவரே முழுதாகச் செய்யட்டும். இன்னொரு குழு வேலையைப் பிரித்துக்கொண்டு செய்யட்டும். நேரத்தையும் கழித்துப்போட்ட விளக்குகளையும் கணக்கெடுத்தபின், எந்தக் குழுவில் வேலை சலித்தது என்று கேட்டால் உற்பத்திப் பிரிவின் இரு முகங்களும் அவர்கள் வாயாலேயே வரும்.

1782இல் வெட்ஜ்வுட் சூளை வெப்பத்தை அளக்க ஒரு வழி கண்டார். சுடும்போது களிமண் துண்டு சுருங்கும் அளவைக் கொண்டு வெப்பத்தைக் கணிப்பதே அது. ஒரே அளவில் செய்த துண்டுகளைச் சூளையின் வெவ்வேறு இடங்களில் வைத்துச் சுட்டுத் தரும்படி பட்டறைக்காரரிடம் கேட்கலாம். மாணவர் ஸ்கேலால் அளப்பார்கள், அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொள்வார். இந்தக் கருவிக்காக ராயல் சொசைட்டி உறுப்பினரான வெட்ஜ்வுட்டின் அளவுகோல் உயர்வெப்பங்களை வெகுவாக மிகைப்படுத்தியது பின்னர் தெரியவந்தது. அந்தப் பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவரே 1787இல் அடிமை வணிக எதிர்ப்புச் சின்னம் பொறித்த பதக்கத்தைச் செய்து பரப்பினார். ஆனால் அவர் தொழில் வளர்ந்த ஸ்டாஃபோர்ட்ஷையர்ப் பட்டறைகளில், 1840களின் தொடக்கத்தில் ஸ்கிரிவன் என்ற ஆய்வாளர் பதிவு செய்த வாக்குமூலங்களில், ஈர அச்சுகளைச் சுமந்து சூடேறிய உலர்த்தும் அறைக்கு நாள் முழுதும் ஓடிய சிறுவர்கள் பேசுகிறார்கள். தொழிற்சாலைச் சட்டம் அத்தொழிலை எட்டியது 1864இல்தான். பதக்கத்தின் படத்தையும் ஒரு வாக்குமூலத்தையும் அருகருகே வைப்பது பத்துப் பக்க விளக்கத்தைவிட ஆழமாகச் செல்லும். இதில் ஆசிரியருக்கு நிதானம் தேவை. பெற்றோர் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுநிலையைச் சான்றாக வைத்து விசாரிக்கக் கூடாது. அவர்களை அத்தொழிலை அறிந்தவர்களாக நடத்தினால், ஸ்கிரிவனின் சொற்களை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்வதே அவர்களாக இருக்கும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நினைத்துத் தலைமையாசிரியர்கள் தயங்குவது நியாயமே. இச்செயல்பாடுகள் அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. எட்டில் குண்டு வட்டம், ஒன்பதில் அகலும் சூளையும் என்று பிரித்தால் வகுப்புக்குச் சில பாடவேளைகளே செலவாகும். மீதித் தயக்கம் வினாத்தாளில் உள்ளது. ஆண்டுகளையும் பெயர்களையும் கேட்கும் வினாக்களுக்கு நடுவே, ஒரு சான்றைத் தந்து அதை நம்பலாமா எனக் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று இடம்பெறாதவரை, இத்தகைய செயல்பாடுகள் தனிப்பட்ட ஆசிரியரின் ஆர்வமாகவே நின்றுவிடும்.