கடன் என்னும் விலங்கு

பேராக் மாநிலத்தின் வளத்திற்கு அடித்தளமிட்டவை ஈயமும் பால்மரமும் ஆகும். ஈப்போ நகரின் மாடமாளிகைகளை ஈயம் எழுப்பிற்று. சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் வட்டாரங்களின் காடுகளைத் தமிழரின் உழைப்பு தோட்டங்களாக்கிற்று. அவ்வுழைப்பு எவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்டது, அதனை ஒழிக்க அரசுகள் என்ன செய்தன என்பதை அறிவது நம் கடமையாகும்.

பால்மரத்திற்கு முன்னரே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி முறை வேரூன்றியிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன் கைந்நாட்டு வைத்த அன்றே கடனாளியானான். கப்பற் கட்டணமும் முன்பணமும் அவன் கணக்கில் ஏறின. கூலியிலிருந்து அவை பிடிக்கப்பட்டன. கடன் தீருமுன் தோட்டத்தைவிட்டு நீங்குவது குற்றம், ஓடியவனுக்குச் சிறை. அவனைக் கட்டியது இரும்பன்று, கடனேயாகும்.

கண்டனங்கள் வலுத்தபின், 1910ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆளனுப்புவது முடிவுற்றது. அதற்கு முன்பே, 1907இல், தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டிருந்தது. இந்திய ஆட்களை வேலைக்கு வைத்த முதலாளிமார் அனைவரும் அந்நிதிக்கு வரி செலுத்தினர். அதிலிருந்து தொழிலாளரின் வழிச்செலவு கொடுக்கப்பட்டது. இதனால் வருவோன் கடனின்றிக் கரையிறங்க வழி பிறந்தது. ஆள் தட்டுப்பாட்டைப் போக்கவே முதலாளிமார் இதனை ஏற்றனர் எனினும், கடனைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கியது பெரியதொரு மாற்றமேயாம்.

எனினும், கங்காணி முறை தொடர்ந்தது. தான் அழைத்து வந்தவர்கள் வேலைக்குச் செல்லும் நாட்களுக்கெல்லாம் கங்காணி தலைக்காசு பெற்றான். ஆகவே ஆட்களைத் தோட்டத்தில் பிடித்து வைப்பதே அவன் ஆதாயமாயிற்று. 1922இல் இந்திய அரசு குடிபெயர்வோர் சட்டத்தை இயற்றி, தன் முகவரைக் கோலாலம்பூரில் அமர்த்திற்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒரு மாத முன்னறிவிப்புடன் வேலையைவிட்டு நீங்கும் உரிமை உறுதியாயிற்று. 1938இல் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கத் தோட்ட முதலாளிமார் முனைந்தபோது, அவ்வாண்டு ஜூன் 15 முதல் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி வழி ஆட்சேர்ப்பு அத்துடன் முற்றுப்பெற்றது.

காக்க வேண்டிய அரசே கட்டாயப்படுத்தினால் யாது நேரும் என்பதற்கு ஜப்பானியர் ஆட்சி சான்று பகரும். 1942-43இல், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் ஆசைகாட்டியும் அச்சுறுத்தியும் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் பசியும் பலரை விழுங்கின. மீளாதவர்களை எண்ணி அழுத குடும்பங்கள் தோட்டந்தோறும் இருந்தன.

விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே, கட்டாய உழைப்பை ஒழிக்கும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 29ஆம் ஒப்பந்தத்தை மலாயா ஏற்றது. நாளடைவில் பால்மரம் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. தோட்டமக்கள் பலர் நகர்ப்புறம் சேர்ந்தனர். அவர்கள் விட்ட இடத்திற்கு இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாட்டினர் வந்தனர். கடனும் அவர்களுடன் வந்தது. ஊரில் நிலத்தை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டி வருவோர் பலர். பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாயினும், அதனை முதலாளியிடம் இழந்தோர் உளர்.

இதனைத் தடுக்க 2007இல் ஆள் கடத்தல் எதிர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டு, பின்னர் பன்முறை திருத்தப்பட்டது. 2021இல் கட்டாய உழைப்புக்கு எதிரான தேசியச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்திலும் கட்டாய உழைப்பு தனிக்குற்றமாயிற்று. 2020இல் மலேசியக் கையுறை நிறுவனம் ஒன்றின் பொருள்களை அமெரிக்கா தடுத்தபின், அந்நிறுவனம் ஊழியர் கட்டிய ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. வழிச்செலவு முதலாளியைச் சார்ந்தது என்ற 1907ஆம் ஆண்டின் பாடமே மீண்டும் கற்கப்பட்டது எனலாம்.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. தொழிலாளி தன் மொழியில் முறையிடவும், முறையிட்டபின் அஞ்சாது வாழவும் இயலவேண்டும். நேற்று நம் பாட்டன் சுமந்த கடனை இன்று சுமப்பவன் வேற்றுமொழி பேசலாம், வேற்று நாட்டினனாகலாம். அவன் துயரை அந்நியமென ஒதுக்குவோமாயின், நம் முன்னோர் பட்ட பாட்டினை நாம் படித்தும் உணராதவர்களே ஆவோம்.