அக்கா ஊதிய ஊதுகுழல்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரோரம் ஓர் இரும்பு ஊதுகுழல் எப்போதும் சாய்ந்திருக்கும். அம்மா ஊதினார், பிறகு அக்கா ஊதினாள்.

பேராவூரணிப் பக்கம் விறகுக்குப் பஞ்சமில்லை. மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி எல்லாம் தோப்பே கொடுத்துவிடும். மழைக்காலத்தில்தான் சிக்கல். ஈர மட்டை எரியாமல் புகையும். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து ஊதிக்கொண்டே இருப்பார். அறுவடை முடிந்தால் நெல் அவிக்கும் புகை வேறு. கீற்றுக் கூரையின் உள்பக்கம் கரி படிந்து நூல் நூலாய்த் தொங்கும். அதே கரி நெஞ்சுக்குள்ளும் படியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் அம்மாவுக்கு இளைப்பு வந்தது. பார்த்த டாக்டர் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான்) அப்பாவிடம் பீடியை விடச் சொன்னார். அம்மாவிடம், "நீங்கதான் பீடி, சுருட்டு தொடுறதில்லையே. வயசாச்சு, கொஞ்சம் ஆஸ்துமா" என்று ஊசி போட்டு அனுப்பினார். கடைசி வருஷம் கால் இரண்டும் வீங்கிவிட்டது. 1984 கார்த்திகையில் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் டாக்டர் பத்மாவதியைப் பற்றிப் படித்தேன். பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண். ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த குடும்பம். பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் இதய மருத்துவரானார். நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிய 127 நோயாளிகளை ஆராய்ந்து, 1959-ல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். மேலை நாடுகளில் பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் நோய் அது. டெல்லியில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் இருந்தது. அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். அடுப்புப் புகைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். வலப்பக்க இதயம் தளர்ந்தால் கால் வீங்கும் என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா இறப்பதற்கு 25 வருஷம் முன்பே அச்சேறிய விஷயம்!

மூச்சை அளக்கும் கருவியும் புதிதல்ல. 1846-லேயே லண்டனில் ஹட்சின்சன் என்ற மருத்துவர் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதச் சொல்லி அளந்திருக்கிறார். நம் ஊருக்கு அது வரத்தான் நாளாயிற்று.

அக்காவுக்கும் அதே இளைப்பு வந்தபோது, 2013-ல், தஞ்சாவூரில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை வருஷம் விறகடுப்பு?" கருவியைக் கொடுத்த பெண், "ஊதுகுழல் ஊதுற மாதிரி ஒரே மூச்சா ஊதுங்கம்மா" என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். முழுமூச்சில் முதல் விநாடியிலேயே எழுபது சதவீதமாவது வெளியே வர வேண்டுமாம். மருந்து உறிஞ்சிய பிறகும் அக்காவுக்கு 54-தான். சி.ஓ.பி.டி. என்று எழுதினார்கள். ஆஸ்துமா மாதிரி விட்டுவிட்டு வருவதல்ல. குழாய் சுருங்கியது சுருங்கியதுதான், மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களை ஊதச் சொல்லி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்ட ஆய்விலும் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கு இதே நோய்.

"பம்ப் பழகினா விட முடியாதாம்ல" என்று ஆறு மாதம் அடம்பிடித்தாள் அக்கா. மாத்திரை உடம்பு முழுக்கப் போகும், இது நெஞ்சுக்கு மட்டும் கொஞ்சமாகப் போகும் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் இறங்கிவந்தாள். இப்போது காலையும் மாலையும் இன்ஹேலர், உடனே வாய் கொப்பளிப்பு. வருஷம் ஒரு ஃப்ளூ ஊசி. மாடிப்படி ஏறும்போது உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுகிறாள்.

சமையல் கேஸில்தான். குளிக்க வெந்நீர் மட்டும் இன்னும் கொல்லையில் மூன்று கல் வைத்து. போன வாரம் கண்டித்தேன்.

"சிலிண்டர் என்ன விலை தெரியுமா தம்பி? மட்டை சும்மாத்தானே கெடக்கு" என்றாள்.