கடல் வழி வந்த காசு: பினாங்கின் நாணய வரத்தும் காலத் தாழ்வும்

முன்னுரை

அயல்நாட்டிலிருந்து பழங்காசுகளை அஞ்சலில் வரவழைக்கும் நாணயச் சேகரிப்பாளர்கள் இன்று பினாங்கில் பலர் உள்ளனர். சொன்ன நாளில் பொதி வந்து சேரவில்லை என்பது அவர்களிடையே வழக்கமான குறை. அக்குறையை ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்குச் சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் பினாங்கின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், அயலில் அச்சான காசுக்காகக் காத்திருந்தது சேகரிப்பாளர் மட்டுமல்லர் என்பது புலனாகும். 1786இல் ஆங்கிலேயக் குடியேற்றமான நாள்தொட்டு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் இத்தீவு முழுவதுமே அவ்வாறு காத்திருந்தது. அந்தக் காத்திருப்பின் வரலாற்றையும், நாணயத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு அது உணர்த்தும் எச்சரிக்கையையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

நாணயச்சாலை இல்லாத் தீவு

பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றிய காலத்தில் இவ்வட்டாரத்தின் பெருநாணயம் ஸ்பானிய வெள்ளியே ஆகும். காட்டை வெட்டித் திருத்துவோரை ஊக்குவிக்க அவர் வெள்ளிக் காசுகளைப் பீரங்கியிலிட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், அக்காசு தீவில் உருவானதன்று என்பதில் ஐயமில்லை. கிழக்கிந்தியக் கும்பினியின் முதல் பினாங்குக் காசுகளும் 1780களின் இறுதியில் வங்காளத்திலிருந்தே வந்தன. அவற்றின் ஒருபுறம் கும்பினியின் வணிக முத்திரையும் மறுபுறம் ஜாவி எழுத்தில் தீவின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னர் 1810, 1825, 1828 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய செப்புக் காசுகள் வழங்கின.

பெருவணிகருக்கு ஸ்பானிய வெள்ளி போதுமானது. கடைத்தெருவில் மீனும் வெற்றிலையும் வாங்குவோருக்குத் தேவைப்பட்டதோ சில்லறை. அதுதான் அடிக்கடி தட்டுப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவிலேயே வெள்ளீயத்தால் பைசாக்கள் செய்யப்பட்டமை இத்தட்டுப்பாட்டின் விளைவே எனலாம். மலாய் மண்ணில் எளிதில் கிடைத்த வெள்ளீயம் கப்பலுக்காகக் காத்திராதவர்களின் உலோகமாயிற்று. அதே வேளையில் அது மென்மையானது, விரைவில் தேய்வது, போலி செய்வதற்கும் எளிது. நற்காசு வந்து சேரத் தாழ்ந்தபோது அதன் இழப்பு கூலிக்காரர், சிறுகடைக்காரர் ஆகியோரின் மடியிலேயே விழுந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காற்றும் நீராவியும் கம்பியும்

பாய்மரக் காலத்தில் வங்காள விரிகுடாவின் போக்குவரத்துக்குப் பருவக்காற்றே நாட்காட்டியாக விளங்கியது. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து பினாங்குக்கு வந்த மரக்காயர், சூலியா வணிகர்கள் காற்றின் போக்கறிந்தே சரக்கையும் கடிதத்தையும் காசையும் ஏற்றினர். காற்றைத் தவறவிட்ட மரக்கலம் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான். தாமதம் என்பது அன்று யாருடைய பிழையும் அன்று, இயற்கையின் ஒழுங்கு.

1845இல் இந்நிலை மாறத் தொடங்கியது. பி அண்டு ஓ நிறுவனத்தின் நீராவிக் கப்பல் சேவை இலங்கையிலிருந்து பினாங்கு வழியாகக் கிழக்கே நீண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்த 'லேடி மேரி வுட்' லண்டன் அஞ்சலை 41 நாட்களில் கொணர்ந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பயணக்காலம் மேலும் குறைந்தது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டு, 1871இன் தொடக்கத்தில் அது சிங்கப்பூர் வரை இயங்கலாயிற்று.

இங்கு நாம் ஒரு முரணைக் காண்கிறோம். தந்தி வந்தபின் செய்தி ஒரே நாளில் கடல் கடந்தது. பொருளோ வாரக்கணக்கில் கப்பலிலேயே வந்தது. வேண்டுகோள் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது தெரிந்தபின் பொருள் வராதிருப்பது முன்னினும் நீண்ட காலமாகத் தோன்றியது. தாமதத்தைப் பற்றிய புகார் இவ்வாறு விரைவின் பிள்ளையாகவே பிறந்தது எனலாம்.

பொறித்த ஆண்டும் புழங்கிய ஆண்டும்

நாணயவியல் பயில்வோர் காசின் மீதுள்ள ஆண்டை உறுதியான சான்றாகக் கொள்வது இயல்பு. பினாங்கின் அனுபவம் இதில் எச்சரிக்கை வேண்டும் என்கிறது. இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

முதலாவது, நீரிணைக் குடியேற்றங்களுக்கெனக் கல்கத்தாவில் அடிக்கப்பட்ட ஒரு காசு, அரைக் காசு, கால் காசுச் செப்பு நாணயங்கள். அவை 1845 என்னும் ஆண்டைத் தாங்கியுள்ளன. எனினும் 1847இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டமே அவற்றைச் செல்லுபடியாக்கியது.

இரண்டாவது, அஞ்சல்தலை. 1854 முதல் பினாங்கில் இந்திய அஞ்சல்தலைகளே பயன்பட்டன. பினாங்கு அஞ்சலகத்தின் 'பி 147' முத்திரையைத் தாங்கிய இந்தியத் தலைகள் இன்றும் சேகரிப்பாளர்களால் போற்றப்படுகின்றன. 1867 ஏப்ரல் 1ஆம் நாள் இக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து முடியாட்சிக் குடியேற்றமாயின. ஆட்சி மாறியது, அஞ்சல்தலை மாறவில்லை. செப்டம்பரில் இந்தியத் தலைகளின் மீதே மகுடமும் புதிய மதிப்பும் அச்சிட்டு வழங்கினர். லண்டனில் அச்சிடப்பட்ட உரிய தலைகள் அவ்வாண்டின் இறுதியில்தான் வெளியாயின.

மூன்றாவது எடுத்துக்காட்டே மிகவும் துயரமானது. மலாயா நாணய ஆணையர் வெளியிட்ட பணத்தாள்களில் 1941 ஜூலை 1 என்னும் நாள் அச்சிடப்பட்டிருக்கும். அவை மக்கள் கைக்கு வந்ததோ 1945இல், சப்பானியர் சரணடைந்த பின்னர். அச்சிட்ட நாளுக்கும் புழங்கிய நாளுக்கும் இடையே ஓர் ஆக்கிரமிப்புக் காலமே அடங்கியுள்ளது.

வெள்ளி என்னும் சொல்

மலேசியத் தமிழர் டாலரையும் பின்னர் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்றே வழங்கிவருகின்றனர். இச்சொல் ஓர் உலோகத்தின் நினைவு. 1895 முதல் பம்பாயில் பெரும்பான்மையாக அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் வெள்ளியில் சீன, ஜாவி எழுத்துகளில் மதிப்பு பொறிக்கப்பட்டிருந்தது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி பம்பாயில் அடிக்கப்பட்டு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மெக்சிக்க, பிரிட்டிஷ் வெள்ளிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. பழைய வெள்ளிகள் கப்பலேறிப் பம்பாய் சென்று உருக்கப்பட்டுப் புதியனவாகத் திரும்பின. ஒரே உலோகம் இருமுறை வங்காள விரிகுடாவைக் கடந்தது. 1906இல் ஒரு வெள்ளியின் மதிப்பு இரண்டு சில்லிங் நான்கு பென்சு என உறுதியாக்கப்பட்டது. வெள்ளி உலோகத்தின் விலை உயரவே, 1907இல் ஏறத்தாழ 27 கிராமிலிருந்து 20 கிராமாக எடை குறைக்கப்பட்ட சிறு வெள்ளி வெளிவந்தது.

உலோகத்தை ஏற்றியிறக்கும் இத்தொல்லைக்கு நகரத்தார் வேறொரு தீர்வு கண்டிருந்தனர். பினாங்குக் கிட்டங்கியில் செலுத்திய பணத்தை ஊரில் உண்டியலால் பெறச் செய்தனர். அங்கே கடல் கடந்தது காசு அன்று; கையெழுத்தும் நம்பிக்கையும்.

போரில் சிக்கிய பொதிகள்

1914இல் 'எம்டன்' என்னும் செருமானியக் கப்பல் செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. அக்டோபர் 28ஆம் நாள் அதுவே பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து 'செம்சுக்' என்னும் உருசியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. துறைக்கு வெளியே பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் அழித்தது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடைப்பட்ட கடல் எவ்வளவு நெருங்கியது என்பதை ஒரே பகைக்கலம் இருகரைத் தமிழருக்கும் உணர்த்திற்று. தமிழில் 'எம்டன்' ஒரு வசைச் சொல்லாகவும் வியப்புச் சொல்லாகவும் நிலைத்தது. அப்போரின் சில்லறைத் தட்டுப்பாட்டில் 1917இல் 10 காசு, 25 காசுத் தாள்கள் தோன்றின.

1940 நவம்பர் 11ஆம் நாள் லிவர்பூலிலிருந்து பினாங்கை நோக்கி வந்த 'ஆட்டோமெடன்' என்னும் கப்பலைச் சுமத்திராவுக்கு அப்பால் செருமானிய 'அட்லாண்டிஸ்' மடக்கியது. அதில் அஞ்சல் மூட்டைகளும் தூரகிழக்குப் பாதுகாப்புப் பற்றிய மந்தணக் கடிதங்களும் புதிதாக அச்சிட்ட ஏறத்தாழ 60 இலட்சம் நீரிணை வெள்ளிப் பணத்தாள்களும் இருந்தன. அக்கடிதங்கள் சப்பானியரிடம் சேர்ந்தன. ஓராண்டு கழித்து, 1941 டிசம்பரில், பினாங்கு வீழ்ந்தது. வந்து சேராத அஞ்சல் தன் உரியவரின் விதியையும் மாற்றக்கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இன்றைய காத்திருப்பு

மலேசிய நாணயங்கள் 1967 ஜூன் 12ஆம் நாள் புழக்கத்துக்கு வந்தன. 1971இல் ஷா ஆலாமில் நாட்டின் சொந்த நாணயச்சாலை அமைந்தது. அன்றாடக் காசுக்காகக் கப்பலை எதிர்பார்க்கும் நிலை இவ்வாறு நீங்கியது. பழங்காசுக்கான காத்திருப்பு மட்டும் நீடிக்கிறது. அதன் காரணங்களுள் சில சட்டம் சார்ந்தவை. 1874இல் தோன்றிய அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் நீரிணைக் குடியேற்றங்கள் 1877இல் சேர்ந்தன. அவ்வொன்றியத்தின் விதிகள் காப்பீடற்ற சாதாரணக் கடிதப் பொதியில் நாணயம் அனுப்புவதை அனுமதிப்பதில்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ நூறாண்டைக் கடந்த காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தடுக்கிறது. ஆகவே தமிழகத்திலிருந்து சோழர் காசோ சென்னைப் பணமோ பினாங்குக்கு வரவில்லையெனில், அது அஞ்சல்காரரின் சோம்பலாகாது. ஒரு நாடு தன் தொன்மையைக் காக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். 2020இல் பெருந்தொற்றின்போது வானூர்திகள் நின்று அயல்நாட்டு அஞ்சல் முடங்கியபோது, பருவக்காற்றுக் காலத்தின் காத்திருப்பு மீண்டும் நம் வாயிலுக்கு வந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் தெளிவாகின்றன. ஒன்று, காசின் மீதுள்ள ஆண்டு அதிகாரத்தின் விருப்பத்தைக் காட்டுகிறதேயன்றி, மக்கள் வாழ்வில் அது நுழைந்த நாளைக் காட்டுவதில்லை. சட்டம், கப்பல், போர் ஆகியவற்றின் ஆவணங்களோடு ஒப்பிட்ட பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளல் வேண்டும். மற்றொன்று, தாமதத்தின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. வணிகருக்கு உண்டியல் இருந்தது. கூலிக்காரருக்குத் தேய்ந்த வெள்ளீயம் இருந்தது. கப்பல், கடை, முதல் ஆகிய நம் சொற்கள் மலாயில் காப்பால், கெடாய், மோடால் என வாழ்கின்றன. அவற்றைக் கொண்டுசென்ற கடல்வழியே காசும் வந்தது, பல வேளைகளில் தாழ்ந்தே வந்தது. வகுப்பறையில் ஒரு பழைய பினாங்குக் காசை மாணவர் கையில் கொடுக்கும்போது, அது எந்த ஆண்டுக் காசு என்பதோடு, இத்தீவை எப்போது அடைந்தது என்றும் கேட்கச் செய்வோமாயின், வரலாற்றுக் கல்வி அங்கேயே தொடங்கிவிடும்.