அடிக்கடி மறதியா? டிமென்ஷியாவுக்கு முந்தைய ‘எம்.சி.ஐ’ நிலை பற்றித் தெரியுமா?

“வயசாச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்”. வீட்டுப் பெரியவர்கள் ஒரே கேள்வியை மூணாவது தடவை கேட்கும்போது பலரும் சொல்லும் பதில் இதுதான். இன்னொரு பக்கம், சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தாலே டிமென்ஷியா வந்துவிட்டதோ எனப் பதறுபவர்களும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அதுதான் ‘மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்’. சுருக்கமாக எம்.சி.ஐ. தமிழில், லேசான அறிவாற்றல் குறைபாடு.

அறிவாற்றல் என்பது ஞாபகசக்தி மட்டுமல்ல. கவனம், பேசும்போது சரியான சொல் கிடைப்பது, திட்டமிடுவது, வழி கண்டுபிடிப்பது எல்லாமே அதில் அடக்கம்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

ஒருவரின் பெயர் மறந்து, கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தால் அது வழக்கமான மறதி. நேற்று பேசிய விஷயமே அடிக்கடி மறந்துபோகிறது, ஆனால் சமையல், பேங்க் வேலை, மாத்திரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார் என்றால் எம்.சி.ஐ-யாக இருக்கலாம். இந்த வேலைகளுக்கே இன்னொருவர் துணை தேவைப்படும்போதுதான் டிமென்ஷியா என்கிறார்கள். அதாவது எத்தனை தடவை மறந்தார் என்பதைவிட, அன்றாட வாழ்க்கை தடுமாறுகிறதா என்பதே முக்கியம்.

எல்லோருக்கும் டிமென்ஷியா வருமா?

இல்லை. எம்.சி.ஐ உள்ள 65 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு சுமார் 15 பேருக்கு 2 ஆண்டுகளில் டிமென்ஷியா வருவதாக அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. பலர் அதே நிலையில் நீடிக்கிறார்கள். சிலர் இயல்பு நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனாலும் அவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது போன்றவையும் இதே மறதியைத் தரும். சில தூக்க மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும்கூட காரணமாகலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். பி12, தைராய்டு இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

ஆன்லைன் டெஸ்ட் போதுமா?

‘மோகா’ எனப்படும் 30 மதிப்பெண் தேர்வு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பரிசோதிப்பார்கள். கடிகாரம் வரை, கனசதுரத்தைப் பார்த்து வரை என்றெல்லாம் அதில் கேள்விகள் வரும். பேனாவே பிடிக்காத பாட்டி இதில் குறைவாக எடுத்தால் அது நோயா, படிப்பில்லாததா? படிப்பு 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் 1 மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். அது போதாது என்பதால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென ‘ஹிந்தி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்’ என்ற தேர்வும் இந்தியாவில் உருவாக்கப்பட்டது. அதனால் மொபைலில் டெஸ்ட் எடுத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள்.

சிகிச்சை என்ன?

எம்.சி.ஐ-க்கென்று பொதுவான மாத்திரை கிடையாது. மூளையில் அமிலாய்டு படிவு உறுதியானவர்களுக்கு மட்டும் ‘லெக்கனமாப்’ என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா முழு ஒப்புதல் தந்தது. அதுவும் நோயின் வேகத்தைக் குறைக்கும், குணப்படுத்தாது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. வாரம் 2 முறை உடற்பயிற்சியை அந்த 2018 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. பிபி, சுகர் கட்டுப்பாடு, காது கேட்கவில்லை என்றால் கருவி பொருத்துவது ஆகியவையும் அவசியம்.

நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மறதி எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரிந்த, கூடவே வசிக்கும் ஒருவரும் உடன் போவது நல்லது.